மூடி உடைந்த பிறகுதான் பிடி விட்டது

2002 ஜூன் மாதம். அமெரிக்காவில் ஒரு வீட்டில் விருந்து. குழந்தைகள் கொல்லைப்புறத்துத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஒரு ஹாட் டப் இருக்கிறது. பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் நெஞ்சளவு வரும் வெந்நீர்த் தொட்டி அது, மோட்டார் ஓடும்போது பக்கவாட்டிலிருந்து தண்ணீரும் குமிழியும் பீய்ச்சும். அதில் இறங்கிய ஏழு வயதுப் பெண் ஒருத்தி மேலே வரவில்லை.

அவள் பெயர் வர்ஜீனியா கிரேம் பேக்கர். வீட்டில் கிரேம் என்று கூப்பிடுவார்கள். இரட்டையரில் ஒருத்தி. நீச்சல் தெரியாத குழந்தை இல்லை. மூன்று வயதிலிருந்தே யார் துணையும் இல்லாமல் நீந்தினாள், அவர்கள் பகுதியின் நீச்சல், டைவிங் குழுவிலும் இருந்தாள். அம்மா நான்சி பேக்கரும் அதே விருந்தில் இருந்தார். விஷயம் தெரிந்ததும் தொட்டியில் குதித்து மகளைப் பிடித்து இழுத்தார். குழந்தை அசையவில்லை. தொட்டியின் அடியில் யாரோ கட்டிப்போட்டதுபோல ஒட்டிக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு ஆண்கள் இறங்கி இழுத்தார்கள். அவர்கள் இழுத்த இழுப்பில் அடியில் இருந்த வடிகால் மூடியே உடைந்தது. அப்புறம்தான் அவள் விடுபட்டாள். அதற்குள் உயிர் போய்விட்டது.

நீரில் மூழ்கி இறந்தாள் என்பதுதான் பதிவான காரணம். பொய்யில்லை, ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. குழந்தை மூழ்கி இறந்தாள் என்றதும் கேட்பவர் மனதில் வரும் கேள்விகள் நமக்குத் தெரியும்: நீச்சல் தெரியாதா, பெரியவர்கள் எங்கே போனார்கள், கேட் திறந்திருந்ததா. இங்கே நீச்சல் தெரியும், பெரியவர்கள் இருந்தார்கள், கேட்டைத் தாண்டி அவள் விருந்தாளியாகவே வந்திருந்தாள். அந்தக் கேள்விகளைத் தாண்டி, அந்த மூடிக்குக் கீழே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இந்தச் சம்பவம் புரியும்.

மூடிக்குக் கீழே

நீச்சல் குளத்துத் தண்ணீர் தேங்கி நிற்பதுபோலத் தோன்றினாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. அடியில் உள்ள வாய் வழியாக மோட்டார் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டிக்கு அனுப்பி, சுவரில் உள்ள துளைகள் வழியாகத் திரும்ப உள்ளே தள்ளும். அந்த அடிவாயை மெயின் டிரெயின் என்பார்கள். டிரெயின் என்றதும் தண்ணீரை வெளியே விடும் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. அது உறிஞ்சும் வாய். ஹாட் டப்பில் பீய்ச்சுகிற வேகம் அதிகம், ஆகவே உறிஞ்சுகிற வேகமும் அதிகம், தொட்டியோ சின்னது. உட்கார்ந்திருப்பவரின் உடம்பும் தலைமுடியும் அந்த வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும். போதாததற்குக் குமிழி வேறு. அடியில் என்ன நடக்கிறது என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது.

கிணற்று மோட்டார் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புட்வால்வில் பாசியோ பாலிதீன் பையோ போய் ஒட்டிக்கொண்டால் மோட்டார் ஓடுகிறவரை அதைப் பிய்க்க முடியாது, மோட்டாரை நிறுத்தினால் தானே உதிர்ந்துவிடும். அந்தப் பாலிதீன் பையின் இடத்தில் ஒரு குழந்தையின் முதுகை வைத்துப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போடலாம். 8 அங்குல டிரெயின் வழக்கமான அளவு, அதாவது ஏறக்குறைய 20 செ.மீ. விட்டம். அதன் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ. நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையை வைத்து அழுத்துகிறது. வாய் முழுக்க அடைபட்டு, பம்பு அந்தக் குழாய்க்குள் பாதியளவு வெற்றிடம் உண்டாக்கினாலே போதும், அடைத்திருக்கும் பொருளை 150 கிலோவுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். மூன்று சிமென்ட் மூட்டை. தண்ணீருக்குள் குனிந்து, வழுக்கும் தரையில் காலூன்றி, ஈரமான குழந்தையின் கையைப் பிடித்து மூன்று மூட்டையைத் தூக்க வேண்டும். நான்சியால் முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. இரண்டு ஆண்களால் முடிந்ததுகூட மூடி உடைந்ததால்தான். மூடி உடைந்தது, அடைப்பு விலகியது, உறிஞ்சல் விட்டது. அவர்களுடைய பலம் நேராக ஜெயித்ததாக நான் நினைக்கவில்லை.

உறிஞ்சல் பிடிப்பதில் ஐந்து வகை சொல்வார்கள். தலைமுடி மூடிக்குள் போய் முடிச்சு விழுவது. கையோ காலோ விரலோ குழாய்க்குள் மாட்டுவது. உடம்பு வாயை முழுசாக அடைத்து ஒட்டிக்கொள்வது. செயின், நீச்சலுடை போன்றவை சிக்குவது. ஐந்தாவதை எழுதவே கை தயங்குகிறது: மூடி இல்லாத வாயின்மேல் குழந்தை உட்கார்ந்துவிட்டால், ஆசனவாய் வழியாகக் குடல் வெளியே இழுக்கப்படுவது. இதற்கு விநாடிக்கும் குறைவான நேரம் போதும்.

இந்த வகைப்பாடு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை, ஏனென்றால் ஒன்றுக்குச் சொல்லும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. உடம்பு ஒட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்தியதும் விட்டுவிடும். முடி சிக்கினால் மோட்டாரை நிறுத்தினாலும் முடிச்சு அவிழாது. குடல் இழுபட்டால், அழுத்தம் மாறியதும் மூன்று நான்கு விநாடியில் தானாக நிற்கும் கருவிகூடத் தாமதம்தான்.

தெரிந்தே இருந்த ஆபத்து

கிரேமுக்கு நடந்தது இதுவரை யாரும் கேள்விப்படாத விபத்து இல்லை. 1993இல் வட கரோலினாவில் குழந்தைகளுக்கான ஆழமில்லாத குளம் ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமி இந்த ஐந்தாம் வகை விபத்தில் சிக்கினாள். உயிர் பிழைத்தாள், குடலின் பெரும்பகுதி போய்விட்டது. அந்த டிரெயின் மூடி திருகாணி போட்டு முடுக்கப்படாமல் சும்மா வைக்கப்பட்டிருந்தது. இதே மாதிரிப் பல விபத்துகள் அதற்கு முன்பே நடந்திருந்தும், முடுக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை மூடியில் இல்லை என்பது வழக்கின் மையம். 1997இல் ஜூரி 2.5 கோடி டாலர் இழப்பீடு சொன்னது. குழந்தையின் பக்கம் வாதாடியவர் ஜான் எட்வர்ட்ஸ், பின்னாளில், 2004இல், துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டவர்.

சில ரூபாய் திருகாணிக்கும் 2.5 கோடி டாலருக்கும் நடுவே ஒரு குழந்தையின் குடல். அந்தத் தீர்ப்பு செய்தியானது. ஆனால் தீர்ப்பு ஒரு கம்பெனியைத்தான் தொடும். ஊரில் ஏற்கனவே இருக்கும் குளங்களின் அடியில் குனிந்து பார்க்க அது யாரையும் அனுப்பாது. ஐந்து வருடம் கழித்துக் கிரேம் இறந்தாள்.

நான்சி பேக்கர் அதன் பிறகு நாடாளுமன்றக் கதவைத் தட்ட ஆரம்பித்தார். அவருடைய மாமனார் ஜேம்ஸ் பேக்கர், மூத்த புஷ் காலத்தில் வெளியுறவுச் செயலராக இருந்தவர். வாஷிங்டனில் அந்தப் பெயருக்குத் திறக்காத கதவு குறைவு. அப்படிப்பட்ட குடும்பத்துக்கே சட்டம் வர ஐந்தரை வருடம் ஆயிற்று. பெயரில்லாத குடும்பங்களின் குழந்தைகள் அதற்கு முன்பே இறந்துகொண்டுதான் இருந்தார்கள், சட்டம் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நடுவில் 2007 ஜூனில் மினசோட்டாவில் இன்னொன்று நடந்தது. ஒரு கிளப்பின் குழந்தைகள் குளத்தில் ஆறு வயது அபிகெய்ல் டெய்லர் மூடி கழன்ற டிரெயினில் சிக்கினாள். சிறுகுடல் போனது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைவரை போய், 2008 மார்ச்சில் இறந்தாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மாதங்களில்தான் சட்டம் நகர்ந்தது.

எரிசக்திச் சட்டத்துக்குள் ஒரு நீச்சல் குளம்

2007 டிசம்பர் 19 அன்று இளைய புஷ் கையெழுத்திட்டது எரிசக்திச் சட்டம் ஒன்றில். கார்களின் மைலேஜ், குண்டு பல்பு, எத்தனால் என்று போகும் அந்தப் பெரிய சட்டத்தின் கடைசிப் பக்கங்களில் 14ஆம் தலைப்பாக, வர்ஜீனியா கிரேம் பேக்கர் குளம், ஸ்பா பாதுகாப்புச் சட்டம் ஒட்டிக்கொண்டு வந்தது. ஓடுகிற பஸ்ஸில் தொத்தி ஏறியதுபோல. அங்கே இது சகஜம். தனியாக நின்றால் நிறைவேறாது என்று தோன்றுவதை, கட்டாயம் நிறைவேறப்போகும் ஒன்றோடு கோத்துவிடுவார்கள்.

ஒரு வருடம் கழித்து, 2008 டிசம்பர் 19 முதல் நடைமுறை. அமெரிக்காவில் செய்யும், விற்கும், இறக்குமதியாகும் எந்த டிரெயின் மூடியும் ஏ112.19.8 என்ற தரத்தில் தேறியிருக்க வேண்டும் என்றிருந்தது, பிறகு அதன் இடத்தில் புதிய தரங்கள் வந்தன. பொதுக் குளங்கள் எல்லாம் பழைய மூடியைக் கழற்றிவிட்டுத் தேறிய மூடியைப் போட வேண்டும். உடம்பால் அடைக்கக்கூடிய ஒற்றை டிரெயின் மட்டும் இருக்கும் பொதுக் குளம், மூடியோடு கூடுதலாக ஒரு காப்பும் வைக்க வேண்டும்: அழுத்தம் மாறினால் உறிஞ்சலை விடுவிக்கும் கருவி, காற்றுக் குழாய், பம்பு நேரடியாக இழுக்காமல் புவியீர்ப்பில் தண்ணீர் போய்ச் சேரும் இடைத்தொட்டி, பம்பைத் தானே நிறுத்தும் அமைப்பு, அல்லது அந்த டிரெயினையே செயலிழக்கச் செய்வது. இவற்றில் ஏதாவது ஒன்று.

எனக்கு இதில் பிடித்தது காற்றுக் குழாய். நம் ஊரில் மோட்டார் காற்று வாங்குகிறது என்றால் தலைவலி. தண்ணீர் ஏறாது, ஜாயின்ட்டில் எங்கே ஓட்டை என்று தேடி எம்-சீல் வைத்து அடைப்போம். இங்கே வேண்டுமென்றே உறிஞ்சும் குழாயோடு ஒரு நிமிர்ந்த குழாயைச் சேர்த்து, அதன் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே திறந்து விடுகிறார்கள். சாதாரணமாக ஓடும்போது அதில் தண்ணீர் நிற்கும். டிரெயின் வாய் அடைபட்டால் பம்பு அந்த நிமிர்ந்த குழாயின் தண்ணீரைக் குடித்துவிட்டுக் காற்றை வாங்கும். காற்று வாங்கிய பம்பு பிடியை விட்டுவிடும். மின்சாரம் வேண்டாம், சென்சார் வேண்டாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் பொதுவாக ஒரு பம்புக்கு இரண்டு டிரெயின் வைத்துவிடுகிறார்கள், இரண்டுக்கும் இடையில் குறைந்தது 3 அடி. ஒன்றின்மேல் ஒருவர் படுத்தாலும் மற்றொன்று வழியாகத் தண்ணீர் வரும், வெற்றிடம் சேராது. ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது வாய் நிஜமாகவே திறந்திருக்க வேண்டும். அது எப்போதோ குப்பையால் அடைத்துப்போய் யாரும் கவனிக்காமல் இருந்தால், காகிதத்தில் இரண்டு, தண்ணீருக்கடியில் ஒன்று.

மூடியை வைத்து ஒரு சண்டை

சட்டம் வந்த கையோடு விளக்கச் சண்டையும் வந்தது. உடம்பால் அடைக்க முடியாத அளவு பெரிய டிரெயின் என்றால் கூடுதல் காப்பு தேவையில்லை என்று சட்டம் சொல்கிறது. உடம்பின் அளவாக எடுத்துக்கொண்டது 18க்கு 23 அங்குலம். சரி, சின்ன டிரெயின்மேல் பெரிய மூடியைக் கவிழ்த்தால் அது பெரிய டிரெயின் ஆகிவிடுமா? ஆகும் என்று நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்னது. மூடி கழன்றுவிட்டால் கீழே இருப்பது பழைய சின்ன வாய்தானே என்று குடும்பங்களும் பாதுகாப்பு அமைப்புகளும் கேட்டன. 2011இல் ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் தன் விளக்கத்தைத் திரும்பப் பெற்றது. அந்த விளக்கத்தை நம்பிச் செலவழித்த குளத்துக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, ஆனால் வட கரோலினாவிலும் மினசோட்டாவிலும் மூடி தன் இடத்தில் இல்லாததுதானே பிரச்சினை? மூடி கழன்றாலும் நிற்கும் காப்பு வேண்டும் என்ற பக்கத்தில்தான் நானும்.

அதே 2011 மே மாதம், கோடைச் சீசன் தொடங்கும் வாரக்கடைசிக்குச் சற்று முன்னால், எட்டுத் தயாரிப்பாளர்களின் சுமார் 10 லட்சம் மூடிகள் திரும்ப அழைக்கப்பட்டன. எல்லாம் புதுச் சட்டத்துக்காகவே வாங்கிப் போட்ட மூடிகள். ஒரு மூடி வழியாக நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் பாதுகாப்பாகப் போகலாம் என்று அதன்மேல் ஓர் எண் போடுவார்கள். முடியை இழுத்துப் பார்த்து, உடம்பு ஒட்டுகிறதா என்று பார்த்து வரும் எண் அது. அந்த எண்கள் தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தன. பத்து லட்சம் மூடி என்றால் எத்தனை குளம் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டுக் குளத்தின் கதை

இப்போது முதலில் சொன்ன விருந்துக்குத் திரும்பலாம். அது வீடு. சட்டத்தின் கட்டாயம் பொதுக் குளங்களுக்கு: ஓட்டல், கிளப், அடுக்குமாடிக் குடியிருப்பு, ஊராட்சிக் குளம். தனி வீட்டில் ஏற்கனவே உள்ள ஹாட் டப்பின் மூடியை மாற்று என்று அது யாரையும் கேட்கவில்லை. கிரேமின் பெயரைத் தாங்கிய சட்டம், கிரேம் இறந்த மாதிரியான தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. மூடி உடைந்து, வீட்டுக்காரர் கடைக்குப் போய்ப் புதிது வாங்கினால் தேறிய மூடி கிடைக்கும், ஏனென்றால் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. வாங்கப் போகாதவரை பழையதுதான் கிடக்கும்.

வீடுகளை மாநிலங்களிடம் விட்டார்கள். வீட்டுக் குளத்துக்கு வேலியும் உறிஞ்சல் காப்பும் கட்டாயமாக்கும் மாநிலங்களுக்கு மானியம் என்று ஆசை காட்டினார்கள், அவ்வளவுதான். மாநிலச் சட்டங்கள் ஆளுக்கொரு விதம். ஃப்ளோரிடாவில் 2000 அக்டோபர் முதல், புதிய வீட்டுக் குளத்துக்கு நான்கில் ஒன்று போதும் என்றிருந்தது (பிறகு ஐந்தாவதாக ஒரு வழியும் சேர்ந்தது): 4 அடி உயர வேலி, குளத்தை மூடும் பாதுகாப்பு விரிப்பு, வீட்டிலிருந்து குளத்துக்குப் போகும் கதவு ஜன்னல்களில் அலாரம், அல்லது தானே சாத்தித் தாழிட்டுக்கொள்ளும் கதவு, அதன் தாழ்ப்பாள் தரையிலிருந்து 54 அங்குலத்துக்குக் குறையாமல். கலிஃபோர்னியாவில் வேலி 5 அடி, கம்பிகளுக்கு இடையில் 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. அங்கே முதலில் ஒரு காப்பு போதும் என்றிருந்தது, 2018 ஜனவரி முதல் புதிதாகக் கட்டினாலோ மாற்றிக் கட்டினாலோ ஏழில் இரண்டு வேண்டும் என்று மாற்றினார்கள்.

இவை எல்லாம் தேவையானவைதான். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுவரை உள்ள குழந்தைகளின் இறப்புக்கு முதல் காரணமே நீரில் மூழ்குவது. யாரும் பார்க்காத இரண்டு நிமிடத்தில் சமையலறைக் கதவு வழியாக நழுவிப் போகும் பிள்ளைக்கு அந்த 54 அங்குலத் தாழ்ப்பாள் உயிர். ஆனால் இதே வரிசையைக் கிரேமுக்குப் பொருத்திப் பாருங்கள். வேலி? விருந்தாளியாக கேட் வழியே உள்ளே வந்தவள். விரிப்பு? விருந்துக்காகச் சுருட்டி வைத்திருப்பார்கள். அலாரம்? ஆள் போக வர இருக்கும் நாளில் அதை முதலில் அணைப்பார்கள். மேலே சொன்ன எதுவும் அவளைக் காப்பாற்றியிருக்காது. காப்பாற்றியிருக்கக்கூடியது இரண்டாவது டிரெயின், அல்லது ஒரு காற்றுக் குழாய், அல்லது உடம்பு முழுசாக ஒட்டாதபடி மேடாக வளைந்த ஒரு மூடி. கலிஃபோர்னியா இதையும் எழுதியிருக்கிறது, புதிய வீட்டுக் குளத்தில் பம்புக்கு இரண்டு டிரெயின், 3 அடி இடைவெளி என்று. வேலி பற்றிய பேச்சில் இது பெரும்பாலும் காதில் விழுவதில்லை. வேலி வெளியே தெரிகிறது, ஆய்வாளர் டேப் வைத்து அளக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர்கூடப் புகார் கொடுக்கலாம். டிரெயின் எட்டடி ஆழத்தில் கிடக்கிறது.

குனிந்து பார்த்தால் தெரிவது

ஒரு மூடியைக் கையில் எடுத்தால் நிறையச் சொல்லும். புதிய மூடியின் முகத்திலேயே எழுத்து அச்சாகியிருக்கும்: விஜிபி 2008 என்றோ (வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற பெயரின் முதலெழுத்துகள்) பிறகு வந்த தரத்தின் பெயரோ, நிமிடத்துக்கு இத்தனை கேலன், தரைக்கா சுவருக்கா, எத்தனை வருட ஆயுள். ஆம், ஆயுள். பிளாஸ்டிக் மூடி குளோரினிலும் வெயிலிலும் கிடந்து கிடந்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.  பழைய கால மூடி தட்டையாக, எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கும், ஒரு முதுகு பட்டால் முழுசாக மூடிக்கொள்ள அது போதும். திருகாணித் துளைகள் இரண்டில் ஒன்று காலியாக இருந்தால், அல்லது திருகாணிக்குப் பதிலாக யாரோ சிலிகான் பசை வைத்திருந்தால், அன்றைக்கு யாரையும் இறக்கக் கூடாது. மோட்டாரைப் பழையதைவிடப் பெரியதாக மாற்றியிருந்தால் மூடியில் உள்ள எண்ணும் செல்லாது. வீட்டுக் குளங்களில் இது அடிக்கடி நடக்கும் தப்பு. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று 1 ஹெச்பியைக் கழற்றி 2 ஹெச்பி போடுவார்கள், அடியில் இருக்கும் மூடி பழைய மோட்டாருக்கு வாங்கியது.

அப்புறம் சுவிட்ச். யாராவது அடியில் ஒட்டிக்கொண்டால் முதல் வேலை மோட்டாரை நிறுத்துவது. ஒருவர் சுவிட்சுக்கு ஓட வேண்டும், இன்னொருவர் தண்ணீரில் இறங்கி, நேராக மேலே இழுக்காமல், உடம்புக்கும் மூடிக்கும் இடையில் விரல்களை நுழைத்து ஓரத்திலிருந்து பிரிக்க வேண்டும். தபால் தலையை உரிப்பதுபோல. அதற்குச் சுவிட்ச் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது பம்பு ரூமின் பூட்டிய கதவுக்குப் பின்னால், டைமர் பெட்டிக்குள், பெயர் எழுதாத நான்கைந்து சுவிட்சுகளில் ஒன்றாக இருக்கிறது. வீட்டுக்காரருக்குத் தெரியும். விருந்துக்கு வந்திருக்கும் முப்பது பேரில் யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரர் அந்த நேரம் வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருப்பார்.